‘தோகோன் மொழி’ என்று ஒரு மொழி இல்லை!

மாலி நாட்டின் நடுவில், நைகர் ஆறு பல கால்களாகப் பிரிந்து பரக்கும் சதுப்பு நிலத்துக்குக் கிழக்கே, மணற்கல்லால் ஆகிய மலைச்சுவர் ஒன்று ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து நிற்கின்றது. பந்தியாகரா மலைச்சுவர் என்பது அதன் பெயர். 1989-இல் உலக மரபுச்செல்வங்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. அச்சுவரின் மேலுள்ள மேட்டுநிலத்திலும், அதன் இடுக்குகளிலும், அடியிற் பரந்து கிடக்கும் சமவெளியிலும் வாழும் மக்களுக்குத் தோகோன் என்று ஒரு பெயரை இட்டு, “தோகோன் மக்கள் பேசுவது தோகோன் மொழி” என்று ஒற்றை வரியில் எழுதி முடித்துவிடுவது கலைக்களஞ்சியங்களின் நெடுநாள் வழக்கம். பாடநூல் அவ்வரியைப் படியெடுக்கும். சுற்றுலாக் கையேடு அதனை மேலும் சுருக்கும். அரசின் சட்டம் அதனைத் தன் பட்டியலில் ஏற்றும். அவ்வொற்றை வரி பொய்! அறியாமையில் பிறந்து, சோம்பலில் வளர்ந்து, இன்று சட்டத்தின் வலிமையையும் பெற்றுவிட்ட பொய்!

தோகோன் என்னும் பொதுப்பெயரின் கீழ் அடைத்து வைக்கப்பட்டிருப்பவை ஒன்றல்ல, இரண்டல்ல. ஏறத்தாழ இருபது மொழிகள். சம்சாய், தோரோ சோ, தொம்மோ சோ, தொன்னோ சோ, தோமோ கன், தோகோ கன், தோகுல் தோம், யாந்தா தோம், தோரோ தெகு, பென் தேய், பங்கன் தேய், நங்கா, நசம்பா, மொம்போ, அம்பாரி, பெனங்கே, திரனிகே, புனோகே என நீளும் அந்நிரலில், சமவெளியெங்கும் பெருந்திரளானோர் பேசும் மொழியும் உண்டு. ஓர் ஊரளவிற்கு ஒடுங்கிப்போன மொழியும் உண்டு. பக்கத்துப் பக்கத்து ஊர்களின் பேச்சு ஓரளவு ஒருவர்க்கொருவர் விளங்கும். ஆனால், மலையின் வடகோடியில் வாழ்பவனைக் கொண்டுவந்து மேற்குச் சரிவில் வாழ்பவன் முன் நிறுத்துக. இருவரும் ‘தோகோனர்’ என்று ஏட்டில் எழுதப்பட்டவரே. ஆயினும் தத்தம் தாய்மொழியிற் பேசினால் ஒருவன் சொல்வது மற்றவனுக்கு விளங்காது. புலானியரின் மொழியாகிய புல்புல்தேயையோ தலைநகரத்துப் பம்பாராவையோ இடையிற் கொண்டுவந்துதான் அவ்விருவரும் உரையாட இயலும். இதுவோ ஒரு மொழி?

அம்மொழிகளின் பெயர்களே இதற்குச் சான்று கூறுகின்றன. அவற்றின் ஈற்றில் நிற்கும் சோ, கன், தோம், தெகு, தேய் என்னும் சொற்களை நோக்குக. இவை யாவும் பேச்சைச் சுட்டுவன. தோரோ என்பது மலை. ‘தோரோ சோ’ என்றாலும் மலைப்பேச்சு. ‘தோரோ தெகு’ என்றாலும் மலைப்பேச்சு. மலைக்கு இருவரும் வழங்குவது ஒரே சொல். பேச்சுக்கு வழங்குவதோ வேறு வேறு சொல். ஒரு தாய் வயிற்றுப் பிறந்த உடன்பிறப்புகள் இவை என்பதற்கு முன்னது அடையாளம்; தனித்தனியே வளர்ந்து தனித்தனி வீடு கட்டிக்கொண்டவை என்பதற்குப் பின்னது அடையாளம். உடன்பிறந்தார் இருபதின்மரையும் ஒரே ஆள் என்று எண்ணிக் குடிக்கணக்கு எழுதும் கணக்கனை எவரேனும் பொறுப்பரோ? மொழிக்கணக்கில் மட்டும் அதனைப் பொறுத்துக்கொள்வது எங்ஙனம்?

இந்த மயக்கத்துக்கு வாய்ப்பான கருவியாக அமைந்தது ‘கிளைவழக்கு’ என்னும் சொல். ஒரு மொழியை மொழியென்று ஏற்றுக்கொண்டால் அதற்கு இலக்கணம் எழுதவேண்டும், அகரமுதலி தொகுக்கவேண்டும், பள்ளியில் இடந்தரவேண்டும். கிளைவழக்கு என்று சொல்லிவிட்டாலோ இவற்றுள் ஒன்றும் வேண்டா! பிரெஞ்சு ஆட்சி அவ்வழியையே மேற்கொண்டது. 1893-இல் பந்தியாகராவைக் கைப்பற்றிய அவ்வாட்சியினர், அம்மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிலர். புலானியர் தம்மினத்தார் அல்லாதாரை ‘அபே’ என்று ஒதுக்கிச் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டனர். பிரெஞ்சுப் படையதிகாரி இலூயி தெப்பிளாஞ்சு 1907-இல் வெளியிட்ட நூலிலும் அதுவே பெயர். ஒரு மக்களினத்துக்கு அதன் பகைவன் இட்ட பெயரை மூன்றாமவன் ஏட்டில் எழுதிவைத்தான். பின்னர் ‘அபே’ போய்த் ‘தோகோன்’ வந்தது. பெயர் மாறிற்றேயன்றி, எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டும் கயிறு மாறவில்லை.

உழைத்தவர் இல்லை என்பதன்று. செனவியேவு கலாம்-கிரியோல் அம்மையார் சங்கா ஊர்ப்பக்கத்துத் தோரோ சோவை நெடுங்காலம் கற்று, 1968-இல் ஓர் அகரமுதலியை வெளியிட்டார். அரிய உழைப்பு, போற்றத்தக்கது. ஆயினும் அதன் தலைப்பு என்ன? ‘தோகோன் அகரமுதலி’, அதன்கீழ்த் ‘தோரோ கிளைவழக்கு’ என்று ஒரு குறிப்பு. இருபதில் ஒன்றுக்கு எழுதிய நூல் இருபதின் பெயரையும் தாங்கி நின்றது. மற்றைப் பத்தொன்பதுக்கும் இனி நூல் வேண்டா என்னும் எண்ணம் படிப்பார் நெஞ்சில் தானே குடிபுகுந்தது.

உலகமோ அந்த அளவுக்குக்கூட மொழியைப் பொருட்படுத்தவில்லை. அதன் நாட்டமெல்லாம் விண்மீனில் இருந்தது! மாந்தவியலார் மார்சேல் கிரியோல் 1931 முதல் சங்காவுக்கு வந்துபோனவர். 1946-இல் ஒகோதெம்மேலி என்னும் கண்ணிழந்த முதியவர் சொன்னவற்றை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு, 1948-இல் ஒரு நூலாக்கினார். 1950-இல் அவரும் செர்மேன் தியேத்தர்லேன் அம்மையாரும், சிரியசு என்னும் விண்மீனைச் சுற்றிவரும் கண்ணுக்குப் புலனாகாத் துணைமீனைத் தோகோன் மக்கள் அறிந்திருந்தனர் என்று எழுதினர். 1976-இல் இராபர்ட்டு டெம்பிள் என்பார், வேற்றுலகத்தார் வந்திறங்கி அவ்வறிவைத் தந்துபோயினர் என்று கதைகட்டிப் புத்தகம் விற்றார். 1991-இல் வால்தர் வான் பேக்கு என்னும் நெதர்லாந்து ஆய்வாளர் அதே மக்களிடையே பல்லாண்டு பழகி, அக்கதைகளை அங்குள்ளார் அறிந்திலர் என்று எழுதினார். அதன் பின்னும் விண்மீன் கதை ஓயவில்லை. மொழி தெரியாமல் மொழிபெயர்ப்பாளனை நம்பி எழுதிய ஏடுகளின்மேல் இத்துணைப் பெரிய மாளிகை எழுந்தது. தோகோன் மக்கள் நீருக்கு என்ன சொல்கின்றனர், கைக்கு என்ன சொல்கின்றனர், ஒரு வினையை எவ்வாறு எதிர்மறையாக்குகின்றனர் என்று ஊர் ஊராகச் சென்று கேட்டெழுதும் வேலையோ பெரும்பாலும் 2000-த்துக்குப் பிறகே நடந்தது! மிச்சிகன் பல்கலைக்கழகத்துச் செப்ரி ஈத்து சம்சாய் இலக்கணத்தை 2008-இலும், இலாரா மெக்பெர்சன் தொம்மோ சோ இலக்கணத்தை 2013-இலும் வெளியிட்டனர். அவ்விலக்கணங்கள் வந்த பின்னரே, ‘தோகோன் மொழி’ என்பது எத்துணை வெறுமையான பெயர் என்பது வெளிப்பட்டது.

இனி, இம்மொழிகளின் மேலுறவு பற்றிய வழக்கு. தோகோன் மொழிகளைச் சிலர் மேற்கேயுள்ள மாந்தே மொழிகளோடு சேர்த்தனர். சிலர் தெற்கேயுள்ள கூர் மொழிகளோடு சேர்த்தனர். கிரீன்பெர்கு 1963-இல் வெளியிட்ட ஆப்பிரிக்க மொழிப் பகுப்பில் அவை கூர்க் கூட்டத்துள் அடங்கின. 1989-இல் வந்த நைகர்-காங்கோ மொழித்தொகுப்பு, அவற்றைக் கூரினின்று பிரித்து அப்பெருங்குடும்பத்தின் தனிக்கிளையாக நிறுத்தியது. இன்று அவை எப்பெருங்குடும்பத்திலும் ஐயமறச் சேராத தனிக்குடும்பமே என்று கொள்வாரும் உளர். நைகர்-காங்கோ மொழிகளின் தலையாய அடையாளம், பெயர்ச்சொற்களை வகைவகையாகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி ஒட்டு வைப்பது. தோகோன் மொழிகளிற் பெரும்பாலனவற்றில் அவ்வமைப்பு இல்லை. நசம்பா போன்ற சிலவற்றில் மட்டும் பெயரீற்றில் அதனையொத்த பாகுபாடு காணப்படுகின்றது. இத்துணைச் சிக்கலான ஒன்றைப் பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவுசெய்துவிட்டனர்! அண்டையில் கூர் இருந்தால் இதுவும் கூர். அண்டையில் மாந்தே இருந்தால் இதுவும் மாந்தே. பக்கத்தில் இருப்பது பிறப்புக்குச் சான்றாகுமோ?

சொல்லொப்புமை வேட்டைக்காரர் செய்யும் கேடு இதனினும் பெரிது. ஓர் எடுத்துக்காட்டு. சம்சாய் மொழியில் நீருக்கு ‘நீ’ என்று பெயர். தமிழன் செவியில் இச்சொல் விழுந்த அளவிலேயே நெஞ்சு துள்ளும், “நீர் என்பதன் கடைகுறையன்றோ இது!” என்று எழுதுகோலை எடுக்கத் தோன்றும். பொறுக்க! சம்சாயின் உடன்பிறப்பாகிய தொம்மோ சோவில் அதே நீருக்குப் பெயர் ‘தீ’! முதலெழுத்தை மெலிதாக ஒலிக்கவேண்டும். ஆயினும் தமிழெழுத்தில் எழுதினால் தீயே. ஒலியொப்புமை ஒன்றையே உறவு என்று கொள்பவன், நீரிலிருந்து புறப்பட்டுத் தீயில் வந்து விழுவான். ‘நீ’ என்பதும் ‘தீ’ என்பதும் ஒன்றையொன்று விளக்கி நிற்கும் இடம் தோகோன் குடும்பத்தினுள்ளே இருக்கின்றது, அங்கே தேடவேண்டும். வினைமுற்று இறுதியில் நிற்பதையும், வினையடியின் பின் ஒட்டுகள் அடுக்கி வருவதையும் கண்டு மயங்குவாரும் இருப்பர். அதே மொழிகளில் பெயரின் பின்னரே பண்புச்சொல் வரும்; எண்ணுப்பெயரும் அதன் பின்னரே வரும். அன்றியும், பண்புச்சொல் வந்து சேர்ந்த அளவில் முன்னின்ற பெயர் தன் ஏற்றவொலியை இழந்து முற்றும் தாழ்ந்துவிடும். ஒலி உயர்வதும் தாழ்வதுமே இலக்கணமாக நிற்கும் அவ்வமைதிக்குத் தமிழில் இணை ஏது? உறவு தேடுவோர், ஒத்திருப்பதைப் பொறுக்கிக்கொண்டு ஒவ்வாததை ஒளித்துவைத்தல் மொழிநூலாகாது. அது பொய்க்கரி கூறல்.

கடன் வாங்குவதும் பிறப்பன்று. சம்சாய் என்னும் பெயரே ‘அமைதி மட்டும்’ என்னும் பொருளுடையதாய், ஒருவரையொருவர் கண்டவிடத்து நலம் உசாவும் வழக்கினின்று வந்தது என்பர். அவ்விரு சொற்களுள் அமைதியைக் குறிப்பது புல்புல்தேயின் சொல். தன் பெயரிலேயே அயற்சொல்லை வைத்திருக்கும் மொழி அது! அது வந்த வழியும் தெரிந்ததே. 1818-இல் எழுந்த மாசினா என்னும் புலானியர் அரசு, அதனை வீழ்த்திய உமர் தால், 1864-இல் அவர் அம்மலைப் பகுதியிலேயே இறந்தபின் பந்தியாகராவைத் தலைநகராக்கி ஆண்ட தீசானி என, ஒரு நூற்றாண்டில் புலானிமொழி பேசும் ஆட்சிகள் அடுத்தடுத்து வந்தன. இசுலாம் பரவியபோது அரபுச் சொற்களும் புல்புல்தேயின் வழியாகவும் சோங்காயின் வழியாகவும் ஏறின. ஐந்து நாளைக்கொரு முறை கூடும் சந்தைகளில் தானியம் விற்பவனும் மீன் விற்கும் போசோவும் மாடு ஓட்டிவரும் புலானியும் கலந்தனர். சொல் கைமாறிற்று. கைமாறிய சொல்லை வைத்துச் சம்சாயைப் புல்புல்தேயின் பிள்ளை என்று எவரேனும் சொன்னால் நகைப்பர். ஆனால், அதே பிழையை அம்மலையின் மேற்குச் சரிவிலுள்ள ஒரு சிறு மொழிக்கு உலகம் நெடுங்காலம் செய்துவந்தது, ஒருவரும் நகைக்கவில்லை.

அம்மொழிதான் பங்கிமே.

மேட்டுநிலத்தின் மேற்கோரத்தில், பாறைச் சுவர்கள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், பூனு முதலிய ஏழு சிற்றூர்களில் சில ஆயிரவர் பேசும் மொழி அது. பேசுவோர் பங்காந்தே எனப்படுவர். மறைந்து வாழ்வோர் என்று அதற்குப் பொருள் கூறுவர். பெயருக்கேற்ற வாழ்வுதான் அவர்களுடையது. அடிமை பிடிக்கும் குதிரைப்படைகள் சமவெளியில் திரிந்த நாளில், அப்பள்ளத்தாக்குப் புகலிடமாய் இருந்தது. அடிமைக் கூட்டத்தினின்று தப்பியோடி வந்தவர்க்கும் அங்கே இடம் கிடைத்திருக்கலாம் என்பர். பங்காந்தேயர் தோகோனரைப் போன்றே வீடு கட்டுவர். தோகோனரைப் போன்றே கம்பு விளைப்பர். தம்மைத் தோகோனர் என்றே சொல்லிக்கொள்வர். அவ்வளவில், “இவர்கள் மொழியும் தோகோனின் கிளைவழக்கே” என்று எழுதிவிட்டனர். மற்றைத் தோகோன் மொழிகளினின்று அது மிக விலகி நிற்பதை முன்னரே சிலர் அறிந்திருந்தும், விலகிய ‘கிளைவழக்கு’ என்றே அதற்குப் பெயர்! அதனை வேறு மொழியென்று சொல்லும் துணிவு 2005-இல்தான் பிறந்தது. உரோசர் பிளெஞ்சு என்னும் ஆங்கில மொழிநூலார் அவ்வாண்டு அங்கே சென்று சொற்பட்டி எடுத்தார், எடுத்தவர் திகைத்தார். நைகர்-காங்கோ வேர்கள் சில அதிற் காணப்பட்டன. ஏனைய சொற்களோ தோகோனோடும் சேரவில்லை, மாந்தேயோடும் சேரவில்லை, மேற்காப்பிரிக்காவின் எம்மொழியோடும் சேரவில்லை. தோகோன் மொழிகள் அந்நிலத்திற் பரவுமுன் வழங்கிய மொழிகளின் கடைசி எச்சமாக இஃது இருக்கலாம் என்பது அவர் கருத்து.

அதனைக் கற்கச் சென்றவர் பட்ட பாடும் சிறிதன்று. சிடெபான் எல்டர்சு என்னும் நெதர்லாந்து மொழிநூலார் அப்பணியைத் தொடங்கி, 2007-இல் மாலியிலேயே நோயுற்று மாண்டார். அவர் விட்ட இடத்தில் தொடங்கிய ஏபி ஆந்துகன் அம்மையார் பூனுவில் தங்கி மொழியைக் கற்றுத் தம் முனைவர் பட்ட ஆய்வை 2013-இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் நிறைவேற்றினார். பின்னர் ஈத்தோடு சேர்ந்து, 2018-இல் பங்கிமேயின் முழு இலக்கணத்தை வெளியிட்டார். அவ்விலக்கணத்தைத் தோகோன் இலக்கணங்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்க. தோகோன் வினைச்சொல், வினையடியோடு எச்சமும் எதிர்மறையும் இடமும் எண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நீளும் கொடி. பங்கிமேயிலோ ஒட்டுகள் மிகச் சில. பன்மை ஒட்டும் குறுமை ஒட்டுமே எங்கும் தாராளமாக வழங்குவன. மற்றைச் சொற்கள் பெரும்பாலும் தனித்தனியே நிற்கும். ஒன்று கோத்த மாலை. மற்றொன்று அடுக்கிய கல். இவ்விரண்டையும் ஒரே மொழியின் இரு வழக்கு என்று சொன்னவர் எதனைப் படித்துச் சொன்னார்? வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார். கம்பங்கொல்லையைப் பார்த்துச் சொன்னார்!

“பங்காந்தேயரே தம்மைத் தோகோனர் என்று சொல்லிக்கொள்ளும்போது, வெளியார் மறுப்பதற்கு என்ன உரிமை?” என்று கேட்பர். நல்ல கேள்விதான். அவர்கள் தோகோனர் அல்லர் என்று எவரும் சொல்லத் தேவையில்லை. ஏனைத் தோகோனருட் பலர் அவ்வாறு சொல்வதுண்டு என்பது வேறு செய்தி. ஓரினத்தார் தம்மை எவ்வினத்தாரோடு சேர்த்து எண்ணுகின்றனர் என்பது அவர்தம் உள்ளத்தைச் சார்ந்தது. அதனை அவர்களே முடிவுசெய்வர். ஒரு மொழி எவ்வேரினின்று வந்தது என்பது சொல்லையும் இலக்கணத்தையும் சார்ந்தது. அதனைச் சான்றுதான் முடிவுசெய்யும். இனப்பெயரை மதிப்பதாகச் சொல்லி மொழியின் தனிமையை மறுப்பவர், உண்மையில் இரண்டில் ஒன்றையும் மதித்தவர் அல்லர். பங்காந்தேயன் தோகோனனாகவே வாழ்க. அவன் நாவில் வழங்கும் பங்கிமே பங்கிமேயாகவே வாழ்க. இதில் முரண் எங்கே இருக்கின்றது?

இன்னொரு சாரார், பங்கிமே மொழியே அன்று என்பர். பகைவர்க்கு விளங்காதிருக்கும்பொருட்டு வேண்டுமென்றே திரித்துக்கொண்ட மறைமொழி என்பர். மறைந்து வாழ்ந்தோர் மொழியில் மறைவு நோக்கம் ஒன்று கலந்திருப்பதை மறுக்கவேண்டுவதில்லை. ஆனால் குழூஉக்குறியின் இயல்பு யாது? பொற்கொல்லரும் தரகரும் பேசும் மறைமொழிகளை நோக்குக. சொற்கள் மாறும், இலக்கணம் மாறாது. அண்டையார் மொழியின் எலும்புக்கூட்டின்மேல் வேறு தோலைப் போர்த்துவதே மறைமொழி. பங்கிமேயின் எலும்பே வேறு! ஆந்துகனும், யோகான்-மத்திசு இலிசுத்து என்பாரும் 2022-இல் கணினியின் துணைகொண்டு பங்கிமேயின் சொற்களைத் தோகோன், மாந்தே, சோங்காய், புல்புல்தே ஆகிய அண்டைமொழிச் சொற்களோடு ஒப்பிட்டுக் கடன்களைப் பிரித்தெடுத்தனர். கடன்கள் உண்டு; பலமுனைக் கடன்கள் உண்டு. அவற்றைக் கழித்தபின் எஞ்சுவதற்கு மூலம் எங்கும் கிடைக்கவில்லை. அந்த எச்சந்தான் பங்கிமே.

மலை முழைகளில் தவசக் குதிர்களையும் பிணக்குழிகளையும் விட்டுச் சென்ற தெல்லெம் என்னும் பழங்குடியினரின் மொழியே இது என்று முடிச்சுப் போடவும் சிலர்க்கு ஆவல் பிறக்கும். தெல்லெம் மக்கள் என்ன பேசினர் என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. விடை தெரியாத இரண்டு வினாக்களை ஒன்றோடொன்று கட்டினால் விடை பிறந்துவிடாது.

இவையெல்லாம் புலவர்தம் ஏட்டுப்போர், மக்கள் வாழ்வுக்கு என்ன பயன் என்பார் மாலி நாட்டுச் சட்டத்தைப் படித்துப் பார்க்க. 1996-இல் அந்நாடு 13 மொழிகளை நாட்டுமொழிகளாக ஏற்றது. 2023 சூன் 18-இல் நடந்த பொதுவாக்கெடுப்பின் வழி வந்த புதிய அரசியல் யாப்பு, அந்நாட்டுமொழிகளை ஆட்சிமொழிகளாக உயர்த்திப் பிரெஞ்சை வெறும் அலுவல்மொழியாக இறக்கியது. ஆண்டவன் மொழியை அரியணையினின்று இறக்கிய அச்செயல் பாராட்டத்தக்கதே. ஆனால், அப்பதின்மூன்றில் ஒன்றாக நிற்பது ‘தோகோன்’! நடைமுறையில் அதற்குப் பொருள் தோரோ சோ. இருபது மொழிகளின் இருக்கையில் ஒன்றுமட்டும் அமர்ந்திருக்கின்றது. புனோகே பேசும் சிறுவனுக்குத் தாய்மொழிக் கல்வி என்று தோரோ சோவைக் கொடுத்தால், அவனுக்குக் கிடைப்பது பெரியம்மையின் மொழி. உறவாயினும் தாய் அல்லள். பூனுவில் பங்கிமே பேசும் சிறுமிக்கு அதே நூலைக் கொடுத்தால், அவளுக்குக் கிடைப்பது முற்றிலும் அயல்மொழி. பிரெஞ்சு அவளுக்கு எவ்வளவு அயலோ, பிறப்பால் தோரோ சோவும் அவ்வளவு அயல். பிரெஞ்சுப் பாடநூலைத் தருபவன், இஃது அயல்மொழி என்று ஒப்புக்கொண்டாவது தருவான். தோரோ சோவைத் தருபவனோ, “இது உன் தாய்மொழி” என்று சொல்லித் தருகின்றான்! கொடுமை எது பெரிது?

“ஏழை நாடு, இருபது மொழிக்கும் நூல் அச்சிட எங்கே போவது?” என்பது ஆட்சியாளர் எப்போதும் கையில் வைத்திருக்கும் விடை. முதலில் வேண்டுவது அச்சுப்பொறியன்று, பெயர். ஒரு மொழி இருக்கின்றது என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும், அதற்குச் செலவில்லை. இலக்கண வேலையும் பெரும்பகுதி நடந்துவிட்டது. ஈத்தும் அவர் குழுவினரும் தோகோன் மொழிகள் பலவற்றுக்கும் பங்கிமேக்கும் இலக்கணமும் சொற்கோவையும் ஆக்கி வைத்துள்ளனர். அவ்விலக்கணங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு வழியே படித்த மாலி ஆசிரியர்க்கு அவை எட்டாக்கனி. அவற்றினின்று ஐம்பது பக்கத்தில் ஓர் அரிச்சுவடியும் ஒரு கதைப்புத்தகமும் எடுப்பதற்குக் கருவூலம் காலியாகிவிடாது.

காலமும் காத்திருக்கவில்லை. 2012-இல் வடக்கே மூண்ட போர் நடுமாலிக்கும் பரவியது. 2018 முதல் தோகோனர்க்கும் புலானியர்க்கும் இடையே நிகழ்ந்த கொலைகளால் ஊர்கள் எரிந்தன. மக்கள் நகரங்களை நோக்கி ஓடினர். அயல்நாட்டு ஆய்வாளர் அவ்வூர்களுக்குச் செல்வதும் அரிதாயிற்று. நகரத்துக்குச் சென்ற சம்சாய்க் குடும்பம் சந்தையில் தன் மொழியார் சிலரையேனும் காணும். பங்காந்தேயக் குடும்பத்துக்கோ ஏழூருக்கு வெளியே தன் மொழியைப் பேச வீட்டாரையன்றி வேறு ஆள் இல்லை. பிள்ளை புல்புல்தேயைக் கற்கும், பம்பாராவைக் கற்கும், கற்கவும் வேண்டும். பள்ளியில் “உன் மொழி என்ன?” என்று கேட்டு எழுதும்போது, அதன் பெயருக்கு நேரே ‘தோகோன்’ என்று எழுதுவர். கணக்கெடுப்பில் பங்கிமே பேசுவோர் தொகை அன்றே ஒன்று குறைந்துவிடும். அக்குறைவையும் எவரும் அறியார்; ஏனெனில் பங்கிமே என்று ஒரு கட்டமே அத்தாளில் இல்லை.

2023-ஆம் ஆண்டின் யாப்பு பதின்மூன்று மொழிகளை உயர்த்தியது. அப்பதின்மூன்றும் முடிந்த முடிபு என்று எவரும் சொல்ல இயலாது. 1996-இல் ஒரு சட்டம் வகுத்த பட்டியலை இன்னொரு சட்டம் திருத்தலாம். தோகோன் என்னும் ஒற்றைச்சொல் நிற்கும் இடத்தில் அக்குடும்பத்து மொழிகள் ஒவ்வொன்றன் பெயரும் எழுதப்படவேண்டும். பங்கிமேயின் பெயர் அவற்றோடு சேராமல், அவற்றின் கீழும் அடங்காமல், தனி வரியில் எழுதப்படவேண்டும்.